ரப்பர் உடைக்குள் ஒரு மேடு

"பாத்தியா? இன்னிக்கும் அந்த மூலைக்குத்தான் போறா."

சுன்சில் என் விலாவில் முழங்கையால் இடித்தாள். நான் நெருப்பில் கையைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"உடுப்பு மாத்துறதுக்கு மூலை எதுக்கு? நாமெல்லாம் ஆம்பளைங்களா?"

"குளிரா இருக்கும்."

"குளிருனா நெருப்புக்கிட்டல்ல வரணும்?"

கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்துக் கரையேறியதும், கூரையில்லாத அந்தக் கருங்கல் சுவர் வளைவுக்குள் எல்லாரும் ஒன்றாக உடை களைந்து ஒன்றாகக் குளிர் காய்வதுதான் எங்கள் ஜேஜு தீவில் வழக்கம். யாருக்கு எங்கே தழும்பு, யாருக்கு எத்தனையாவது மாசம், எல்லாம் எல்லாருக்கும் தெரியும். மூலைக்குப் போகிற இன்செங்கின் முதுகு மட்டும்தான் பார்லி அறுப்பிலிருந்து எங்களுக்குத் தெரிந்தது.

முதுகோடு போயிருந்தால் பரவாயில்லை. ஈர உடையோடு அவள் பாறையில் ஏறும்போது வலது தொடை இடுக்கில் ஒரு மேடு துருத்திக்கொண்டு தெரிந்தது. ரப்பர் உடை எதையும் மறைக்காது.

"அது என்னங்கிற?" என்றேன்.

"ஜொன்பொக்." சுன்சில் குரலை இறக்கினாள். "கைக்கடக்கமா ஒரு ஜொன்பொக்."

ஜொன்பொக் என்பது ஆழத்தில் பாறையோடு பாறையாக ஒட்டிக் கிடக்கிற சிப்பி. பிள்ளை பெற்றவளுக்குக் கஞ்சி வைக்க அதற்கு மேலே ஒன்று கிடையாது. பட்டணத்து வியாபாரிகள் அதற்காகவே எங்கள் ஊருக்கு வருவார்கள். புயலில் பள்ளிக்கூடத்துக் கூரை பறந்த வருஷம் நாங்கள் பெண்கள் கூடிப் பேசி, கறுப்புப் பாறைக்குக் கீழே கிடைக்கிறது அவ்வளவும் கூரைக்கு என்று விட்டுக்கொடுத்தோம். அந்த இடத்துக்குப் பள்ளிக்கூடத்துக் கடல் என்றே பேர். முதல் வருஷம் கூடை கூடையாக வந்தது. இந்த வருஷம் கூடையின் அடிகூட மறையவில்லை.

"பிள்ளைங்க தலையில மழை பெய்யுது, இவ தொடையில சிப்பி வளருது," என்றாள் சுன்சில். "அந்த ஆழத்துக்குப் போறவ அவ ஒருத்திதான். வேற யாரு எடுத்திருக்க முடியும்?"

பேச்சு மால்சுன் அக்கா காதுக்குப் போயிற்று. எங்கள் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. அவள் இறங்கு என்றால் இறங்குவோம், ஏறு என்றால் ஏறுவோம்.

"இன்செங், இங்க வா. நெருப்புக்கிட்ட வந்து கழட்டு."

"நான் இங்கயே மாத்திக்கிறேன்க்கா."

"இங்க வான்னேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதாக்கும்," என்று சுன்சில் இழுத்தாள்.

இன்செங் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என் முகத்தையும்தான். "ஓ, அப்படியா சங்கதி," என்றாள். நெருப்புக்கு முன்னால் வந்து நின்று உடையை முழங்கால்வரை உருட்டி இறக்கினாள்.

சிப்பி எதுவும் விழவில்லை. தொடை இடுக்கில், தோலுக்கடியில், கோழிமுட்டை அளவுக்கு ஒரு வீக்கம்.

"எடுத்துக்கோ சுன்சில். கத்தி வேணுமா?"

மால்சுன் அக்கா மண்டியிட்டு அதில் கை வைத்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"இருமு."

இருமினாள். அக்கா கட்டைவிரலால் அழுத்தினாள். "உள்ள போக மாட்டேங்குதே. எங்க வீட்டுக்காரருக்கு இதே மாதிரி இறங்குறது அழுத்தினா போயிரும்." கொஞ்சம் யோசித்தாள். "எதுவானாலும் குடல்தான். குடல் இறங்கியிருக்கு. எத்தனை நாளா?"

"பார்லி அறுப்புல இருந்து."

"வாயத் திறந்து சொன்னா என்ன?"

"சொன்னா கடல்ல இறங்காதம்பீங்க."

"ஆமா, இறங்காத. மூச்சடக்கிக் கீழ போகையில குடல் மாட்டிக்கிச்சுன்னா அங்கயே கிடப்ப. உன்னைத் தூக்க நாங்க இறங்கணும்."

"எனக்கு நிலம் இருக்கா? புருஷன்தான் இருக்கானா? ரெண்டு பிள்ளைங்களுக்கு நான் என்னத்தப் போடுவேன், கல்லையா?"

அக்கா எழுந்துவிட்டாள். எழுந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

வெளியே வந்ததும் சுன்சில் என்னிடம் கேட்டாள்: "குடல் சரி. அப்போ சிப்பி எங்க?"

மால்சுன் அக்காவும் நானும்தான் இன்செங்கைப் பட்டணத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். கஞ்சி வைத்துக் கொடுக்க, ஒன்றுவிட்ட தங்கை என்ற முறையில் நான். டாக்டர் என்ன சொல்கிறார் என்று காதால் கேட்க அக்கா. டாக்டர் அமுக்கிப் பார்த்தார், இருமச் சொன்னார். "குடலிறக்கம்தான். திறந்து ஓட்டைய அடைச்சிடலாம்," என்றார்.

மறுநாள் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்தவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே எங்களைப் பார்த்து ஒரு தினுசாகச் சிரித்தார்.

"ஓட்டையே இல்லம்மா."

"என்னது?"

"குடல் அது இடத்துல பத்திரமா இருக்கு. இது வெறும் கொழுப்புக் கட்டி. அந்த இடத்துல வந்தா அசல் குடலிறக்கம் மாதிரியேதான் இருக்கும்."

"நேத்து குடல்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"இன்னிக்குக் கொழுப்புன்னு சொல்றது?"

"அதுவும் நான்தான்."

"நல்லா இருக்கு," என்றாள் அக்கா.

அவர் கோபப்படவில்லை. காயம் ஆறியதும் தாராளமாகக் கடலில் இறங்கலாம் என்றார். திரும்புகிற பஸ்ஸில் அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "ஒரே வாய் ரெண்டு விதமா சொல்லுது. நான் எதை நம்ப?"

குளிர்காலம் பாதி போனபின் ஒருநாள் இன்செங் ரப்பர் உடையோடும் மிதவையோடும் வந்து நின்றாள். கையில் ஒரு கண்ணாடிக் குப்பி. டாக்டரிடம் கெஞ்சி வாங்கி வந்த கட்டியின் ஒரு துண்டு அதற்குள் மஞ்சளாக மிதந்தது.

சுன்சில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "எங்க வீட்டுப் பன்னியை அறுத்தப்போ இப்படித்தான் இருந்துச்சு."

"உங்க வீட்டுக் கொழுப்பெல்லாம் உன் வாயிலல்ல இருக்கு."

"டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன்," என்றேன்.

"நீ அவளுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. வேற எப்படிச் சொல்லுவ?"

"சும்மா இருங்கடி," என்றாள் மால்சுன் அக்கா. "இன்செங், நான் உள்ளதைச் சொல்றேன். அந்த டாக்டர் ஒருதடவை தப்பாச் சொன்னாரு. ரெண்டாந்தடவை சரின்னு எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு ஒண்ணு ஆனா உன் பிள்ளைங்க யாரைக் கேக்கும்? என்னைத்தானே?"

இன்செங் அக்காவின் கையைப் பிடித்துத் தன் தழும்பின் மேல் வைத்தாள். இருமினாள். பலமாக இருமினாள். மூச்சை அடக்கி, கடலுக்கு அடியில் முக்குவதுபோல முகம் சிவக்க முக்கினாள்.

அக்கா கையை எடுக்க வெகுநேரமாயிற்று.

"ஒண்ணும் முட்டல. அன்னிக்கும் அழுத்தினப்போ உள்ள போகல, எனக்கே அது உறுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. சரி, இறங்கு. ஆனா என் கண்ணு முன்னாடி. எந்தப் பக்கம் போகப் போற?"

"பள்ளிக்கூடத்துக் கடல்."

"அங்கயா?" சுன்சில் தன் மிதவையை எடுத்தாள். "அப்போ நானும் வரேன்."

கறுப்புப் பாறைக்கு நேரே நாங்கள் மூவரும் மிதவைகளைப் பிடித்துக்கொண்டு சுற்றி மிதந்தோம். இன்செங் கால்களை உதறிக் கீழே போனாள். தண்ணீர் மூடிக்கொண்டது. அக்காவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. சாமியையா டாக்டரையா, யாரை அழைத்தாளோ. பிறகு, இன்னும் காணோமே என்று அவளே மூச்சை இழுத்துத் தலையைக் கவிழ்க்கப் போனாள்.

அப்போது விசில் கேட்டது. மேலே வந்து மூச்சை விடும்போது எழுகிற எங்கள் விசில். இன்செங் தலை, தோள், கை. கையில் உள்ளங்கையைவிடப் பெரிய மூன்று ஜொன்பொக்.

"கீழ அப்படியே கிடக்குக்கா. ஒருத்தரும் தொடல."

"அப்போ இந்த வருஷம் கூடையில..."

"நான் எங்க எடுத்தேன்? குடலோன்னு பயந்துக்கிட்டு அறுப்புல இருந்து இந்தப் பக்கமே வரலியே. மேலோட்டமாவே சுத்திக்கிட்டு இருந்தேன். நான் வரலேன்னா இந்த ஆழத்துக்கு வேற யாரு வருவா?"

அக்கா நனைந்த முகத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

சுன்சில் மூன்று சிப்பியையும் தன் வலைப்பையில் வாங்கிப் போட்டுக்கொண்டாள். புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள். "கீழ இன்னும் எத்தனை இருக்கும்?"

"நீயே வந்து எண்ணிக்கோ."

"எனக்குக் காது அடைச்சுக்கும்."

"அப்போ நான் கொண்டாரதை நம்பித்தான் ஆகணும்," என்று சொல்லிவிட்டு, இன்செங் மறுபடி மூழ்கினாள்.