லைப்ரரி கேட்ட இரண்டு எண்கள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பீச் ஸ்திரீட் அலுவலகம் ஒன்றில் ஒரு விரல்நுனி கம்ப்யூட்டருக்கு வழி சொன்ன கதை இது.

தொண்ணூற்றைந்தாம் வருஷம். அங்கே டெலிபோன் ஆபரேட்டர் அப்துல் அஜீஸ். கடலுக்கு அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து ஃபெரியில் வருவார், கண் தெரியாது. திங்கட்கிழமை அலுவலகத்தின் அறுநூறு உள் எண்களும் மாறுகின்றன. புதுப் பட்டியல் கைக்கு வந்ததே சனிக்கிழமை காலையில்தான். பிரெய்லில் கையால் குத்தி எழுத நேரம் போதாது. திங்கள் தடுமாறினால் வேறு ஆள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

பிரெய்ல் அச்சு மெஷின் இருந்தது. விற்ற கம்பெனி மூடிவிட்டது, விளக்கப் புத்தகமும் காணோம். மிஞ்சியது மெஷினை இயக்கும் கட்டளைகள் அடங்கிய 'லைப்ரரி' மட்டும். மனிதர் வாசிக்க முடியாதபடி கம்ப்யூட்டர் மொழிக்கு மாற்றிய கோப்பு. கம்ப்யூட்டர் பிரிவின் கனகேஸ்வரி, அச்சடிக்கும் கட்டளையின் பெயர் 'பிரிண்ட்பேஜ்' என்று இருக்கும் என ஊகித்து, பட்டியலைக் கொடுத்து அழைத்துப் பார்த்தாள். அப்படி ஒன்று இல்லை என்றே பதில் வந்தது.

"என்னக்கா, மெஷின் மெராஜுக் பண்ணுதா?"

"கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல அஜீஸ், என்ன வேணும்னு வாயத் தொறக்க மாட்டேங்குதே!"

பிறகு, கோப்புக்குள் இருக்கும் பெயர்களைக் காட்டும் 'என்எம்' என்ற கட்டளையைத் தட்டினாள். லைப்ரரிக்குள் இருந்த பெயர்கள் வரிசையாக வந்தன. பிரிண்ட்பேஜும் இருந்தது, பின்னால் புரியாத எழுத்துகள் வால்போல நீண்டிருந்தன. அந்த வாலைப் பிரித்துச் சொல்லும் இன்னொரு கட்டளையைக் கொடுத்தாள். திரையில் தெளிவாக வந்தது: எழுத்து, எண், எண்.

"மூணு கேக்குது. நான் ஒண்ணுதான் குடுத்திருக்கேன், அதான் இல்லன்னு சொல்லியிருக்கு!"

"ரெண்டு நம்பர் எதுக்கு?"

"அத மட்டும் சொல்லல லா."

தாளில் இருபத்தைந்து வரி, வரிக்கு நாற்பது எழுத்து. அதுவாக இருக்கும் என்று இருபத்தைந்து, நாற்பது என அதே வரிசையில் கொடுத்தாள். மெஷின் தடதடத்தது. அஜீஸ் தாளைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, ரொஸ்னா ஒரு வரியில, அவங்க நம்பர் அடுத்த வரியில. எல்லாரையும் ரெண்டா ஒடச்சுட்டீங்க! வரி இருபத்தஞ்சு எழுத்துலயே முடிஞ்சிடுது, அப்ப மொத நம்பர்தான் அகலம். மாத்திப் போடுங்க."

மாற்றிப் போட்டாள். இம்முறை விரல் எங்கும் தடுக்கவில்லை.

"ஸ்டோர், கார்த்திகேசு, ரெண்டு ஒண்ணு நாலு!"

திங்கள் காலை முதல் அழைப்பே மேனேஜருடையது. "ஸ்டோர் குடு," என்று அவர் சொல்லி முடிக்கும்போது மறுமுனையில் கார்த்திகேசு "ஹலோ" என்றார். அந்த நாற்காலியில் அஜீஸ்தான் தொடர்ந்து உட்கார்ந்தார்.

உங்கள் வீட்டு டெலிபோன் நல்ல சேதிக்கே மணியடிக்கட்டும், கண்ணுகளா. உள்ளே இருப்பவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது ஒருவருக்கொருவர் விளங்கட்டும்.