பென்சில் புள்ளி

அப்பாவை எடுத்துக்கொண்டு போனபின் கூடத்தில் குடம் குடமாய்த் தண்ணீர் கொட்டிக் கழுவும்போதுதான் சாவித்ரிக்கு மெத்தை நினைவு வந்தது. மூலையில் வெறும் கயிற்றுக்கட்டில்தான் கிடந்தது.

மெத்தையின் கிழிசலுக்குள் முப்பத்திரண்டு தாள்கள் இருந்தன. அப்பா வாஞ்சிநாதன் பதினெட்டு வருஷம் கணக்கெழுதிய க்ளைவ் தெரு ஜெர்மன் கம்பெனியை, சண்டை மூண்டதும் சர்க்கார் பூட்டிவிட்டது. பேரேடுகள் யாருக்கும் புரியவில்லை. ஜெர்மன் கணக்குச் சொற்களுக்கு இங்கிலீஷில் பட்டியல் போட்டுத் தர அவரைத்தான் பிடித்தார்கள். திங்கட்கிழமை கெடு. தராவிட்டால் எதையோ மறைக்கிறார் என்றாகிவிடும். குடியிருந்த பவானிப்பூரில் ஏற்கெனவே அவருக்கு 'ஜெர்மன்காரன் ஆள்' என்று பெயர். போலீஸ் இரண்டு தடவை வந்து, ஜெர்மன் எழுத்தில் இருந்ததையெல்லாம் அள்ளிப்போயிற்று. அந்தப் பயத்தில்தான் தாள்கள் மெத்தைக்குள் போயின.

கை நடுங்கியதால் அவர் சொல்லச் சொல்ல எழுதியவள் சாவித்ரி. சந்தேகமான சொல்லின் அருகே பென்சிலால் புள்ளி வைக்கச் சொல்வார். ஆபீஸில் கேட்டுக்கொண்டு வந்து அழிக்க வேண்டும் என்று கணக்கு. கேட்க வேண்டிய ஜெர்மன் துரையோ ஆறு மாதமாக அகமத்நகரில் காவலில் இருந்தார்.

கேவ்ராதலா மயானத்தில் கொள்ளி வைத்துவிட்டு மாமா பட்டாபிராமன் ஈர வேட்டியோடு வந்தார்.

"மாமா, மெத்தை எங்கே?"

"அங்கேயே கொளுத்தச் சொல்லிட்டேன். இருமிண்டே கெடந்தவர் மெத்தை, ஆத்துல வெச்சுக்க முடியுமா? ஏண்டி?"

சொன்னாள். "ஐயையோ, இத்தனை நேரம் சாம்பலாயிருக்குமே!" என்றார் மாமா.

"எனக்கு மனப்பாடம் மாமா. மூணு தரம் பிரதி எடுத்திருக்கேன்; பழசையெல்லாம் போலீசுக்குப் பயந்து அடுப்புல போட்டாச்சு. இப்பவே எழுதிடறேன்."

"தீட்டோட பேனாவைத் தொடுவியா? பத்து நாள் ஆகணும்."

அம்மா ஜகதாம்பாள் சொன்னாள்: "அவளுக்கு மூணு நாள்தான். கட்டிக்குடுத்த பொண்ணு."

புருஷனை ரங்கூனில் விட்டுவிட்டு வந்து எட்டு மாதம் அப்பாவின் எச்சில் கிண்ணத்தை எடுத்தவளுக்கு மூன்றே நாள் துக்கம்! அம்மாமேல் சாவித்ரிக்கு ஆத்திரம் பொங்கியது. பிறகு விரல்விட்டு எண்ணினாள். வியாழன், வெள்ளி, சனி.

ஞாயிறு விடிந்ததும் தலைக்குக் குளித்துவிட்டு எழுத உட்கார்ந்தாள். ஒவ்வொன்றும் அப்பாவின் குரலில், இருமலோடு வந்தது. ஆப்ஷ்ரைபுங், டெப்ரிஸியேஷன். ரூக்லாகே, ரிசர்வ். சாயங்காலம் கடைசிச் சொல்லில் பேனா நின்றது. ரூக்ஷ்டெல்லுங். வரப்போகிற நஷ்டத்துக்காக முன்கூட்டியே ஒதுக்கிவைப்பது. இதற்கும் ரிசர்வ் என்று போட்டால் கணக்கே தப்பாகிவிடும். "ப்ரொவிஷன்னு போடலாமேப்பா" என்று புதன்கிழமை அவள் சொன்னபோது, "இரு, கேட்டுண்டு வரேன்" என்றார்.

ப்ரொவிஷன் என்று எழுதினாள்.

"முடிஞ்சுதா?" தீட்டு கழியாத மாமா தாள்களைத் தொடாமல் எட்ட நின்று கேட்டார்.

"ஆச்சு மாமா."

மை காயும்வரை காத்திருந்தாள். பிறகு பென்சிலை எடுத்து, அந்தச் சொல்லின் அருகே ஒரு புள்ளி வைத்தாள்.