கம்பெனியிடம் சொல்லக் கூடாத விஷயம்

லாரி டிரைவர்கள் ஓய்வெடுக்கும் அந்த நீளமான அறையில் கம்பெனியைப் பற்றி நல்ல வார்த்தை பேசிய ஆள் இதுவரை பிறக்கவில்லை. சம்பளம் தேதி தவறுவதில்லை, வண்டிகள் புதுசு, டயர் மொட்டையாவதற்கு முன்பே மாற்றிவிடுகிறார்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன? ஒரு டீயைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்த மாத்திரத்தில் வாய் தானாகத் திட்ட ஆரம்பித்துவிடும்.

அவ்வளவு பெரிய சரக்குக் கம்பெனி. எந்த நெடுஞ்சாலையில் போனாலும் அதன் நீல லாரி ஒன்றாவது எதிரே வரும். டிரைவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் ‘மாமியார் வீடு’. வேளாவேளைக்குக் கவனிப்பு உண்டு. ஆனால் உட்கார்ந்தால் ஏன் உட்கார்ந்தாய், எழுந்தால் எங்கே கிளம்பிவிட்டாய் என்ற கேள்வியும் உண்டு.

“சொந்த வண்டி ஓட்டினப்போ நான் முதலாளி. இங்க நான் வெறும் நம்பர்” என்பார் ஒருவர்.

“வேகத்தைக் கட்டிப் போட்டிருக்கானுங்க பாரு. மேட்டுல ஏறும்போது சைக்கிள்காரன் டாட்டா காட்டிட்டுப் போறான்” என்பார் இன்னொருவர்.

எல்லோருக்கும் பொதுவான எதிரி கேமராதான். சாலையைப் பார்க்கிற கேமரா அல்ல, அதை யாரும் குறை சொன்னதில்லை. ஸ்டியரிங்குக்கு மேலே உட்கார்ந்து டிரைவரின் முகத்தையே முறைத்துக்கொண்டிருக்கும் இன்னொன்று. கண் இமை கொஞ்சம் அதிகமாக மூடினால் அது ‘கீ கீ’ என்று கத்தும். இரண்டு மூன்று தடவை கத்தினால் கன்ட்ரோல் ரூமுக்குச் சேதி போய்விடும். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? கடையில் கிடைப்பதிலேயே கறுப்பான கண்ணாடியாக வாங்கி மாட்டிக்கொண்டால் கேமராவுக்குக் கண் தெரியாது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். மழை மூட்டத்திலும் கறுப்புக் கண்ணாடி போட்ட நீல லாரிக்காரர்களைப் பார்த்து மற்ற கம்பெனி டிரைவர்கள் சிரிப்பார்களாம்.

இந்த அறையின் அறிவிக்கப்படாத தலைவர் வானொலி. வாயை மூடினால் ஏதோ கோளாறு என்று அர்த்தம், அதனால் வந்த பெயர். அவர் அடிக்கடி ஒலிபரப்பும் செய்தி ஒன்றுதான்.

“எதை வேணா சொல்லு. வண்டியை இடிச்சேன்னு சொல்லு, சரக்கு நனைஞ்சுதுன்னு சொல்லு. உடம்பு சரியில்லைன்னு மட்டும் கம்பெனிகிட்ட சொல்லிடாதே. தலை சுத்துதுன்னு சொன்னான் ஒருத்தன். இன்னிக்கு வாட்ச்மேனா கேட்டுல நின்னு நமக்கெல்லாம் சலாம் போடறான்.”

மூலையில் இரண்டு நாற்காலியின் இடத்தை ஒருவராக அடைத்துக்கொண்டு இருந்த மலை, இதைக் கேட்கும்போதெல்லாம் டீயைப் பார்த்துக்கொண்டிருப்பார். மலை என்றால் ஆள் அப்படி. பெருத்த கழுத்து, கதவை மறைக்கும் முதுகு. யாரிடமும் வம்புக்குப் போகாத மனிதர். அவரிடம் சில மாதங்களாக ஒரு ரகசியம் இருந்தது. எவ்வளவு தூங்கினாலும் அவருக்குத் தூக்கம் போதவில்லை. காலையில் எழுந்தால் இரவு முழுக்க மூட்டை சுமந்த மாதிரி உடம்பு வலித்தது. பட்டப்பகலில், நேரான சாலையில், கண் செருகியது.

“என்னங்க, தூங்கும்போது உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருது. யார்கிட்டயாவது காட்டலாம்” என்று மனைவி சொல்லிப் பார்த்தாள்.

“குறட்டை விடறவனுக்கெல்லாம் வைத்தியம் பாக்கணும்னா எங்க ரூம்ல ஒருத்தன் மிச்சம் இருக்க மாட்டான். அதுவும் நீ சொல்ற! சாயங்காலமானா டி.வி. முன்னாடி சாமியாடற தூங்குமூஞ்சி” என்று சிரித்தே மழுப்பிவிட்டார் மலை.

பயம் உள்ளுக்குள் இருந்தது. டாக்டரிடம் போனால் கம்பெனிக்குத் தெரியும், தெரிந்தால் சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள். பதினெட்டு வயதிலிருந்து ஸ்டியரிங்கைத் தவிர வேறெதையும் பிடித்திராத கை. படிக்கிற பெண்ணும், பாதி கட்டிய வீடும், ஐம்பதைத் தாண்டிய வயதும் இருக்க, லாரி இல்லை என்றால் எங்கே போவது? அவரும் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினார்.

அன்றைக்கு நல்ல வெயில். காகிதச் சுருள்கள் ஏற்றிக்கொண்டு மலை துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். டீசல் போடுகிற இடம் வந்ததும் ஒதுங்கி, பிரேக்கைப் போட்டு, தண்ணீர் குடிக்கப் பாட்டிலைத் திறந்தார். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த இடத்துக்கு வர வேண்டுமானால் ஆற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். வேறு வழியே கிடையாது. ஆனால் பாலத்தைத் தாண்டிய ஞாபகம் அவருக்கு இல்லை.

யோசித்துப் பார்த்தார். பாலத்துக்கு முன்னால் வரும் செங்கல் சூளை ஞாபகம் இருந்தது. அப்புறம் இந்த டீசல் பங்க். நடுவில் ஒன்றுமே இல்லை. அந்தப் பாலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓரமாக நடந்து போவார்கள். பாட்டில் நழுவித் தண்ணீர் பேண்ட்டில் கொட்டியதுகூடத் தெரியவில்லை. கீழே குதித்து, வண்டியைச் சுற்றி ஓடி, முன் பம்பரைத் தடவிப் பார்த்தார். வலது பக்கம், இடது பக்கம், சக்கரங்களுக்கு நடுவில். கீறல் இல்லை, கறை இல்லை. சக்கரத்தின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்து பெரிய மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். கன்ட்ரோல் ரூமில் பேசுகிற பெண்ணை அவர்கள் யாரும் நேரில் பார்த்ததில்லை. எல்லோருக்கும் தங்கச்சி.

“சொல்லுங்கண்ணா. வண்டி நின்னுட்டிருக்கே, டீசலா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. டயரில் காற்று குறைகிறது, வயிறு சரியில்லை, எத்தனையோ பொய்கள் வரிசையில் நின்றன. இந்தப் பேச்செல்லாம் பதிவாகிறது என்பதும் நினைவுக்கு வந்தது. கூடவே பாலமும் நினைவுக்கு வந்தது, அதாவது வரவில்லை.

“தங்கச்சி, நான் தூங்கிட்டேம்மா. ஓட்டிட்டிருக்கும்போதே. பாலத்துல எப்படி வந்தேன்னு எனக்குத் தெரியல. யார் மேலயும் இடிக்கல, பாத்துட்டேன். ரொம்ப நாளா இப்படித்தான் இருக்கு. இனிமே என்னால எடுக்க முடியாது.”

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. மலைக்குத் தன் வேலை போகிற சத்தம் அதுதான் என்று தோன்றியது.

“அண்ணா, சாவியை எடுத்துட்டீங்களா?”

“எடுத்துட்டேன்.”

“அப்ப நிழலா பாத்து உக்காருங்க. வேற ஆளை அனுப்பறேன். நல்லவேளை சொன்னீங்கண்ணா” என்றது அந்தக் குரல்.

கம்பெனி வேன் ஒன்று வந்து ஓர் ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று. இறங்கியது யார்? சாட்சாத் வானொலி. மலைக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இனி சாயங்காலச் செய்தியில் இவர் கதைதான்.

ஆனால் வானொலி பேசவில்லை. சாவியை வாங்கினார், கதவைத் திறந்தார், மலை பக்கத்து சீட்டில் ஏறி உட்காரும்வரை காத்திருந்தார். பேசாத வானொலி பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மலைக்கு இன்னும் கிலியாக இருந்தது.

“சொல்லித் தொலைடா. சொல்லாதேன்னு சொன்னேன்ல, கேட்டியான்னு கேட்கப் போற. அதானே?”

“இல்லண்ணே” என்று வானொலி தொண்டையைச் செருமினார். “என் வண்டியில படுக்கைக்கு அடியில ஒரு பெட்டி இருக்குமே, பாத்திருக்கீங்களா?”

“துணிப்பெட்டி.”

“துணிப்பெட்டி இல்ல. மெஷின். மூக்குல மாட்டிட்டுத் தூங்கணும், காத்து அடிச்சிட்டே இருக்கும், மூச்சு நிக்காது. எனக்கும் உங்க வியாதிதாண்ணே. நானும் இந்தத் தங்கச்சிகிட்டதான் சொன்னேன். ஒரு மாசம் வண்டியைத் தரல. டெஸ்ட் எடுத்தாங்க, மெஷின் கொடுத்தாங்க, திரும்பக் கூப்பிட்டுக்கிட்டாங்க.”

“ஒரு மாசமா? எப்ப?”

“மச்சினி கல்யாணம்னு லீவு போட்டேனே.”

“அடப்பாவி! ஒரு மாசமாடா கல்யாணம் நடந்துது?” என்று கத்திய மலைக்குச் சட்டென்று கோபம் தலைக்கேறியது. “உன் பேச்சைக் கேட்டுத்தானேடா வாயை மூடிட்டிருந்தேன்? கேட்டுல நிக்கறான், சலாம் போடறான்னு எத்தனை தடவை சொன்ன? இன்னிக்கு அந்தப் பாலத்துல ஒரு குழந்தை நின்னிருந்தா?”

வானொலி சாலையைப் பார்த்தபடியே ஓட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

“தப்புதாண்ணே. செருப்பால அடிங்க. மூக்குல குழாய் மாட்டறேன்னு தெரிஞ்சா யானைன்னு பேர் வெச்சிடுவீங்களேன்னு வெக்கம். அதை மறைக்கப் போய் இன்னும் ரெண்டு சத்தம் சேர்த்துப் போட்டேன். கம்பெனியைத் திட்டித் திட்டி வாய் பழகிப் போச்சு. திட்டலன்னா டீ உள்ள இறங்க மாட்டேங்குது.”

மலை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் எவ்வளவு முயன்றும் அந்தக் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. அடியில் வேறொன்று பொங்கிக்கொண்டு வந்தது. இதற்கு மருந்து இருக்கிறது, இதோ அதே வியாதிக்காரன் ஜம்மென்று லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்பு. யானை என்ற பெயர் வானொலிக்கு எவ்வளவு பொருத்தம் என்று யோசித்தபோது அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

கம்பெனி அவரை வீட்டில் உட்காரவைத்தது. அன்பு பொத்துக்கொண்டு வந்து அப்படிச் செய்தார்கள் என்று சொன்னால் நம்ப மலை ஒன்றும் ஏமாளி இல்லை. ஒரு லாரி கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று கணக்குத் தெரிந்தவர்கள். போகட்டும், அந்தக் கணக்கு இந்தத் தடவை தன் பக்கம் விழுந்ததே என்று அவர் நிம்மதிப்பட்டுக்கொண்டார்.

டாக்டர் கேள்வி கேட்டபோது மலையைவிட மனைவிதான் அதிகம் பதில் சொன்னாள்.

“மூச்சு நின்னா என்ன பண்ணுவீங்க?”

“தோளைத் தட்டுவேன். புரண்டு படுப்பாரு, திரும்ப வந்துடும்.”

“ஒரு ராத்திரியில எத்தனை தடவை?”

“நிக்கறப்பல்லாம்” என்றாள் அவள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி.

மலை அவளைத் திரும்பிப் பார்த்தார். டி.வி. முன்னால் சாமியாடுகிறவள் என்று எத்தனை பேர் நடுவில் அவளைக் கேலி செய்திருக்கிறார்! அந்த இடத்திலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் வேறு பக்கம் பார்த்தார்.

அதற்குள் விஷயம் ஓய்வறைக்குப் பரவிவிட்டது. ஆறுதல் சொல்ல வருகிற சாக்கில் டிரைவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்தார்கள். முதலில் கம்பெனியை வழக்கம்போலத் திட்டினார்கள். கிளம்பும்போது வாசலில் நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

“என் மச்சான் ஒருத்தருக்கு இதே மாதிரிண்ணே. எந்த டாக்டரைப் பாத்தீங்க?”

மலை அத்தனை மச்சான்களுக்கும் முகவரி கொடுத்தார். தங்கச்சியிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார். யார் மச்சான், எந்த மச்சான் என்று ஒருவரையும் கேட்கவில்லை.

மெஷின் வந்தது. முதல் சில நாட்கள் மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு மல்லுக்கட்டினார். பிறகு பழகிவிட்டது. ஒருநாள் கண் விழித்தபோது உடம்பு லேசாக இருந்தது. ஜன்னலில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. எழுந்து உட்கார்ந்தவர் பக்கத்தில் பார்த்துத் திடுக்கிட்டார். தினமும் அவருக்கு முன்னால் எழுந்து அடுப்படியில் நிற்கிறவள் இன்னும் படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருக்க, அடித்துப் போட்ட மாதிரி ஒரு தூக்கம். மெல்லக் குறட்டைகூட வந்தது.

போன் அதிர்ந்தது. மலை அதைப் பாய்ந்து எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

“அண்ணா, நல்ல சேதி. டாக்டர் சரின்னு எழுதிட்டாரு. திங்கக்கிழமை நீங்க வண்டி எடுக்கலாம்” என்றாள் தங்கச்சி.

மலை சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். “சரிம்மா. ரொம்ப நன்றிம்மா” என்றார் காற்றோடு காற்றாக.

“ஒண்ணும் கேக்கலயே. கொஞ்சம் சத்தமா பேசுங்கண்ணா.”

“முடியாதும்மா. வீட்டுல தூங்கறாங்க.”

“இந்நேரத்துக்கா? அண்ணிக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லா இருக்கா. ரொம்ப வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் தூங்கறா.”

போனை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். சேதியைச் சொல்ல நாக்கு துடித்தது. எழுப்பவில்லை. அறைக் கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு வந்து, டீக்குத் தண்ணீர் வைத்தார். அவ்வளவு பெரிய கையை வைத்துக்கொண்டு பாத்திரம் சத்தம் போடாமல் எடுப்பதற்குள் அவருக்குப் பெரும்பாடு ஆகிவிட்டது.