பெருங்குடலின் பெரட்டுச் சங்கு

பெருங்குடலில் அரை அடியை வெட்டியெடுத்து, மீதியைச் சேர்த்துத் தைத்து மூன்று நாளாகிவிட்டது. ரெங்கம் தோட்டத்தில் முப்பது வருடம் ஆள்கணக்கு எழுதும் கிராணியாக இருந்த சதாசிவத்துக்கு இன்னும் ஒரு வாய்க் கஞ்சி கிடைக்கவில்லை.

காலையில் டாக்டர் தேன்மொழி அவர் மார்பிலிருந்து அடிவயிறு வரை விரலால் வழி காட்டினார். விழுங்கியது உணவுக்குழாயில் இறங்கி, இரைப்பையில் கூழாகும். இருபது அடி சிறுகுடலில் சத்தைக் கொடுக்கும். பெருங்குடலில் தண்ணீரையும் விட்டுவிட்டு வெளியேறும்.

"இப்ப குடல் தூங்குது, அங்கிள். காத்து பிரிஞ்சா முழிச்சிடுச்சுன்னு அர்த்தம், கஞ்சி குடிக்கலாம். நாலு மணிக்குள்ள பிரியலன்னா திரும்பவும் மூக்குல டியூப்தான்."

அந்தக் குழாயை நினைத்தாலே அவருக்குத் தொண்டை எரிந்தது.

மூன்றரைக்கு வயிற்றில் ஓர் உருட்டல். அந்த நேரம் பார்த்துத்தானா தெப்ராவிலிருந்து சம்பந்தி விஜயன் மனைவியோடு ஆரஞ்சுப் பையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும்? மகளின் நிச்சயம் முடிந்து இரண்டு வாரம்தான். சதாசிவம் பல்லைக் கடித்து அடக்கினார்.

மலாய்த் தாதி வார்டே கேட்கும்படி, "பாக்சிக், சூடா கெந்துத்?" என்றாள். காற்று பிரிந்ததா என்று கேட்க அவளுக்கு வெட்கமே இல்லை. சம்பந்தியம்மா ஜன்னலைப் பார்த்தார். சதாசிவம் இல்லை என்று தலையாட்டினார். தாதி குழாய் எடுக்கப் போனாள்.

மனைவி ராஜம்மா அவர் காதருகே குனிந்தாள். "அடக்குறீங்கதானே? எனக்குத் தெரியாதா?"

"சம்பந்தி இருக்காங்க லா."

"அதுக்கு? மானத்தையா குழாயில ஊத்தப் போறாங்க?"

விஜயனுக்குக் கேட்டுவிட்டது. "எனக்கு ஆபரேஷன் நடந்தப்ப நான் விட்டதுல, இடின்னு நெனச்சுப் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்துட்டாரு. விடுங்க சம்பந்தி!"

சதாசிவம் சிரித்துவிட்டார். தையல் இழுத்தது, வயிற்றைப் பிடித்தார், பிடி விட்டுப்போனது. விடிகாலையில் தோட்டத்து ஆட்களை, பேர் வாசித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்குக் கூப்பிடும் சங்குபோல நீளமாக ஊதி ஓய்ந்தது.

எதிர்க் கட்டில்காரர் கை தட்டினார். வாசல்வரை வந்த தாதி குழாயோடு அப்படியே திரும்பினாள்.

டாக்டர் வந்து வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுச் சிரித்தார். கஞ்சி வந்தது. முதல் கரண்டியைச் சதாசிவம் கண்ணை மூடி விழுங்கினார்.

"இப்ப எங்க இருக்கு, சம்பந்தி?" என்றார் விஜயன்.

"நெஞ்சு தாண்டியாச்சு. இரைப்பைக்குள்ள இறங்குது. தையலைத் தாண்ட நாளைக்கு ஆகும்." வாயைத் திறந்தார். "ராஜம்மா, அடுத்த ஆளை அனுப்பு."