பெரியாயியின் வெள்ளைச் சீலை

இருட்டுப் பிரியுமுன்பே, ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டுப் பெண்கள் மலையேறினார்கள். நமுனுகுல மலையின் உச்சியை மேகம் மூடிக் கிடந்தது. விடாத மழை. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கையும் மீறித் தேயிலைச் செடியின் ஈரம் தொடையில் ஏறியது. ஜெயலெட்சுமியின் விரல்கள் கொழுந்தைக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் கூடையில் எறிந்துகொண்டிருந்தன. கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை.

தோட்டம் அரசாங்கத்துக்குப் போய்ப் பழைய வெள்ளைக்காரத் துரை கப்பலேறியிருந்தார். தோட்டத்தை நடத்தப் புதிய துரை வந்திருந்தார். மழையும் சம்பளமும் மாறவில்லை.

அன்று பகல் அவளுக்கு ஆபீசில் இன்டர்வியூ. தாய்மார் மலைக்குப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மா வேலை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்தவள் அவள் ஒருத்திதான். அம்மா ரெங்கம்மா முழங்கால் வீங்கி, மலையில் ஒவ்வொரு படியும் பல்லைக் கடித்துத்தான் ஏறினாள். வேலை கிடைத்தால் அவளை வீட்டில் உட்காரவைக்கலாம்.

கணக்கப்பிள்ளை வீரசிங்கம் முன்னமே சொல்லிவிட்டார். "ஆயம்மா வேலைக்கு வெள்ளச் சீலையிலதான் வரணும். கலர்ல வந்தா தொரை வாசல்லயே திருப்பிடுவாரு."

ஜெயலெட்சுமியிடம் இருந்தது பொங்கலுக்கு எடுத்த கிளிப்பச்சைச் சீலை. அதில் போனால் திமிர் என்பார்கள். கொழுந்து பறிக்கிற சீலையோடு போனால் அழுக்கு என்பார்கள். ஆயம்மாவைத் தவிர, லயத்தில் வெள்ளை கட்டுகிறவர்கள் தாலியறுத்தவர்கள் மட்டுமே. அவர்களிடம் இரவல் கேட்க ரெங்கம்மாவுக்கு மனம் வரவில்லை.

உச்சி வேளையில் அம்மாவும் மகளும் வீடு வந்தபோது, வாசலில் பெரியாயி நின்றாள். கையில் மடித்த வெள்ளைச் சீலை.

ரெங்கம்மாவின் முகம் இறுகியது. பெரியாயிதான் போன மாதம்வரை ஆயம்மா. பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் நிற்கும் மண்மேட்டில் வெடிப்பு விழுந்திருப்பதைப் பார்த்துத் துரையிடம் போய்ச் சொன்னாள். அவர் கேட்கவில்லை என்றதும் லயத்தில் சொன்னாள். சனத்தைக் கிளப்பிவிடுகிறாள் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அன்றுமுதல் லயத்துக் கிழவிகள்தான் முறைபோட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

"வேலை போனவ சீல வேணாம் பெரியாயி. கோவிச்சுக்காத" என்றாள் ரெங்கம்மா.

"அது தோட்டம் குடுத்த சீலதானே. ஒம் மகளாவது உள்ள இருந்தா புள்ளைகளுக்கு ஒரு கண்ணு இருக்கும்."

ஜெயலெட்சுமி கிளிப்பச்சையைப் பார்த்தாள். பிறகு வெள்ளையை வாங்கினாள். "எங்கண்ணுல அந்த வெடிப்புத்தான் நிக்குது அக்கா" என்றாள். "இதையே கட்டிக்கிறேன்."

ஆபீசில் துரை அவளை மேலும் கீழும் பார்த்தார். தோட்டங்களிலேயே வேலை பார்த்துப் பழகியதால் தமிழ் அவருக்கு நன்றாக வரும்.

"இது அந்தப் பொம்பள சீலையா?"

"ஆமாங்க."

"சீல அவளோடது. வாய் யாரோடது?"

"வாய் என்னோடதுதாங்க."

துரை சிரித்தார். "அப்ப நல்லது. நாளைக்கே வேலைக்கு வா. மண்மேடு, வெடிப்புன்னு லயத்துல ஒரு பேச்சு வரக்கூடாது."

ஜெயலெட்சுமிக்கு அம்மாவின் வீங்கிய முழங்கால் நினைவுக்கு வந்தது. சரி என்று ஒரு சொல் போதும். தகரக் கூரையில் மழை இன்னும் பலமாக விழுந்தது.

"பேக்டரிக்குப் பக்கத்துல ஒரு குவார்ட்டர்ஸ் காலியா கெடக்குங்க. புள்ளைகளை அங்க மாத்துங்க. நான் வேலைக்கு வாறேன்."

"எனக்கே நிபந்தனையா?"

"மேடு சரிஞ்சா புள்ளைகளுக்கு நான்தானேங்க பதில் சொல்லணும்?"

"போ வெளிய! வெள்ள கட்டிக்கிட்டு வர வேற ஆளா இல்ல?"

நடந்ததைக் கேட்டதும் ரெங்கம்மா மகளை அடிக்கக் கை ஓங்கினாள். "கைக்கு வந்த வேலைய..." என்று கத்தினாள். கை அந்தரத்தில் நின்றது. மலைக்குப் போயிருந்த மூத்த மகளின் குழந்தையும் அந்தப் பிள்ளைக் காம்பராவில்தான் இருந்தது. அவள் படங்கை அவிழ்த்து எறிந்துவிட்டு நொண்டி நொண்டி அங்கே நடந்தாள். ஜெயலெட்சுமியும் பெரியாயியும் பின்னால் ஓடினார்கள்.

பின்சுவரின் அடியில் செம்மண் தண்ணீர் கசிந்து தரையில் பரவிக்கொண்டிருந்தது. தொட்டில்களுக்குக் கீழே சேறு. ரெங்கம்மா பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். செய்தி மலைக்கு எட்டியது. பெண்கள் கூடைகளோடு இறங்கி ஓடிவந்தார்கள். இருட்டுமுன் ஒரு தொட்டிலிலும் பிள்ளை இல்லை.

மறுநாள் பெரட்டுக்கு எல்லாரும் வந்தார்கள். ஒவ்வொரு இடுப்பிலும் ஒரு பிள்ளை. முந்தின இரவே துரை ஆயம்மா வேலைக்குக் கூப்பிட்டனுப்பிய மூன்று வீட்டுப் பெண்களும் வரிசையில்தான் நின்றார்கள்.

"புள்ளைகளை எதுக்குக் கொண்டாந்தீங்க? மலைக்குப் போங்க!" வீரசிங்கத்தின் குரல் பிசிறியது.

"போறோமுங்க. காலிக் குவார்ட்டர்ஸத் தெறந்து விடுங்க, போறோம்" என்றாள் ரெங்கம்மா.

"வேலைய விட்டு நிறுத்தித் துண்டு கிழிச்சிருவாரும்மா தொரை. லயத்தையும் காலி பண்ணச் சொல்லுவாரு."

கீழே வளைவில் துரையின் ஜீப் உறுமியது. அதன் பின்னால் இன்னொரு வண்டியும் வந்தது. போலீஸாக இருக்கலாம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பக்கத்தில் நின்றவள் தன் தலைச் சீலையின் பாதியை இழுத்து அதன்மேல் போர்த்தினாள். இடைவெளி விட்டு நின்ற பெண்கள் ஒருவரோடொருவர் நெருங்கித் தோளோடு தோள் சேர்த்தார்கள். வண்டிகள் மேடேறி வந்துகொண்டிருந்தன. வரிசை அசையவில்லை.