ஐந்தரை அடிக் குழந்தை

தூதரகம் ஒவ்வொரு காகிதம் கேட்கும்போதும் குழந்தை அரை சாண் வளர்ந்தது. அதன் தாய் பஸ் பணிமனையில் மெக்கானிக், எல்லோருக்கும் ஸ்பேனர் அக்கா. கல்யாணம் வேண்டாம், பிள்ளை வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, நாடு விட்டு நாடு வந்து, கோர்ட்டில் தத்து முடித்து, குழந்தைகள் இல்லத்திலிருந்து நாலு வயதுக் குட்டியைத் தன் வாடகை அறைக்குக் கூட்டிவந்துவிட்டாள். குட்டியை ஊருக்குக் கொண்டுபோக மிச்சம் இருந்தது, அங்கிருந்த தன் சொந்த நாட்டுத் தூதரகத்தில் ஒரு விசா முத்திரை. பத்து நாள் வேலை என்றார்கள். பதினோரு மாதம் ஆனது.

மருத்துவச் சான்றின் உறை லேசாகப் பிரிந்திருந்தது, அரை சாண். புகைப்படத்தின் பின்னணி போதுமான வெள்ளை இல்லை, அரை சாண். கோர்ட் உத்தரவின் மொழிபெயர்ப்பில் முத்திரை மங்கல், இன்னொரு அரை சாண். அறையின் சொந்தக்காரி முதலில் தன் மகளின் பழைய கவுன்களைக் கொடுத்தாள், பிறகு தன் நைட்டியையே கொடுத்தாள். ஆறாவது காகிதத்தில் குட்டி ஐந்தரை அடியைத் தொட்டாள். பால்பல் ஒன்றுகூட விழவில்லை, கட்டைவிரல் சூப்புவதும் நிற்கவில்லை. தெருவில் எல்லோரும் பழகிவிட்டார்கள். பழகாதது தூதரகம் மட்டும்தான்.

கடைசி நேர்காணலுக்கு டோக்கன் பதினேழு. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி காகிதத்தையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நாலு வயசுக் குழந்தையாம்மா?"

"ஆமா சார். வளர விட்டது நீங்கதான்."

இந்தக் குழந்தை அந்தக் குழந்தை இல்லை என்று அவர் ஒரு வரி எழுதினால் போதும், குட்டி இல்லத்துக்குத் திரும்பவேண்டும். அது அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் முகத்தை முறைப்பாகவே வைத்துக்கொண்டாள்.

"நாலு வயசுன்னா தூக்குற மாதிரி இருக்கணுமில்ல?" என்றார் அதிகாரி.

பஸ் டயரைத் தூக்கிப் பழகிய கை. குட்டியை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். குட்டியின் பாதங்கள் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. பதினெட்டாம் டோக்கன்காரர் பக்கத்து ஜன்னலுக்குப் போனார். காலை பத்து மணிக்குத் தூக்கியவள் பன்னிரண்டரைக்கும் இறக்கவில்லை. குட்டி தாயின் தோளில் எச்சில் வடிய அயர்ந்து தூங்கிவிட்டாள். அதிகாரி ஏழாவது காகிதம் கேட்கப் பேனாவைத் திறந்தார்.

"எழுதுங்க சார். இன்னும் அரை சாண் வளருவா. அதையும் சேத்துத் தூக்குவேன்."

"கை வலிக்கலையாம்மா?"

"வலிக்குது. இறக்க மாட்டேன்."

அவர் சற்று நேரம் தூங்குகிற முகத்தைப் பார்த்தார். பிறகு படிவத்தில் உயரம் என்ற கட்டத்தில் 'தாய் தூக்கும் அளவு' என்று எழுதி, முத்திரை குத்தி, சாப்பிடப் போனார்.

அதன்பின் குட்டி ஒரு விரற்கடைகூட வளரவில்லை. பிறருக்குக் கரும்பலகையை மறைக்கக்கூடாதே என்று எல்லா வகுப்பிலும் கடைசி பெஞ்சு. பதினெட்டு முடிந்தபோது வயது உயரத்தை எட்டிப் பிடித்தது. பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போனபோது உயரக் கட்டத்தில் குட்டி பழையபடியே எழுதிக் கொடுத்தாள். ஜன்னலில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். நரைத்துப்போன ஸ்பேனர் அக்கா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு மகளைத் தூக்கிக் காட்டினாள். சரியாக இருக்கிறது என்று அந்தப் பெண் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.