மூன்றாம் எண் கூண்டு

ஜீவமணி தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. முதலாளியிடம் நாலு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று இருந்தது. ஓட்டுபவர் ஹென்றி. விமானம் கிளம்புகிற நாளில் துறைமுக அலுவலகத்துக்குப் போன் செய்து, வானிலை கேட்டு ஹென்றியிடம் சொல்வது ஜீவமணியின் பொறுப்பு. ஊருக்கு மேற்கே, பக்கத்துப் புதுக்கோட்டைக்கு அப்பால் பொட்டலில் முதலாளி போட்டிருந்த ஓடுபாதையில்தான் விமானம் நிற்கும்.

1974 ஐப்பசியில் ஒருநாள், மதுரையிலிருந்து முதலாளியைக் கூட்டிவர வேண்டியிருந்தது. மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியாகிவிட்டது, மேகம் ரொம்பத் தாழ்ந்து வருகிறது என்று துறைமுகத்தில் சொன்னார்கள். போனை வைத்த சற்று நேரத்தில் மதுரையிலிருந்து மாமனாரின் டிரங்க் கால் வந்தது. பிரசவத்துக்குப் போயிருந்த அவன் மனைவி ஜெபசெல்விக்கு ராத்திரி முழுக்க வலி. டாக்டர் ஆபரேஷன் என்கிறார், உடனே வா என்றார். எட்டயபுரம் சாலையில் வெள்ளம் ஏறி பஸ் ஓடவில்லை, ரயிலும் சாயங்காலம்தான்.

ஜீவமணி ஆபீஸ் ஜீப்பில் ஓடுபாதைக்குப் போனான். ஹென்றி வானத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

“போர்ட்ல என்னல சொல்லுதான்?”

“சாதா மழைதான் அண்ணாச்சி. கூண்டு ஏத்தல.”

பிறகு மனைவியின் நிலைமையைச் சொன்னான். ஹென்றி மேற்கொண்டு கேட்காமல் அவனை ஏறிக்கொள்ளச் சொன்னார்.

பத்து நிமிஷத்தில் தரை மங்கிவிட்டது. ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே போய்விடலாமென்று ஹென்றி தாழப் பறந்தார். கோவில்பட்டிக்கு முன்னாலேயே தண்டவாளமும் தெரியவில்லை. எதிரே குன்று இருக்கிறதா, பனை இருக்கிறதா என்றே தெரியாத வெண்மை. உண்மையைச் சொல்ல ஜீவமணி இரண்டு முறை வாயெடுத்தான், முடியவில்லை. ஹென்றி விமானத்தைத் திருப்பிவிடப் பார்த்தார், திசை பிடிபடவில்லை. மேகத்தின் இடைவெளியில் ஒரு கரிசல்காடு தெரிந்ததும் இறக்கினார். சக்கரங்கள் ஈரமண்ணில் புதைந்து விமானம் குப்புறக் கவிழ்ந்தது.

ஜீவமணிக்கு நெற்றியில் நாலு தையல். ஹென்றிக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மதுரையில் ஜெபசெல்விக்கு, இவர்கள் கிளம்பும் முன்பே, ஆபரேஷன் இல்லாமல் பெண் குழந்தை பிறந்திருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி, துறைமுகத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டபோது, சரியாக ஞாபகமில்லை என்றான் ஜீவமணி. கிளம்பியது தன் முடிவு என்றார் ஹென்றி. வானிலையைச் சரிவர விசாரிக்காமல் விமானி கிளம்பினார் என்று அறிக்கை எழுதப்பட்டது. ஹென்றியின் வேலை போனது.

ஒன்பது மாதம் ஜீவமணி ஹென்றியின் தெருப்பக்கமே போகவில்லை. ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனான். ஹென்றியின் மனைவி பிலோமி காப்பி கொடுத்து, பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறது என்று விசாரித்தாள். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

“மதினி, கூண்டு ஏத்துனது எனக்கு அன்னைக்கே தெரியும். ஏத்தலன்னு பொய் சொல்லிட்டேன்.”

பிலோமி கணவரைப் பார்த்தாள். ஹென்றி அவனைப் பார்த்துச் சொன்னார்.

“மானம் கருத்துக் கெடந்தத நானும்தாம்ல பாத்தேன். ஆனா கூண்டு ஏத்திட்டாம்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, ஒம் பொஞ்சாதி செத்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.”

விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று பிலோமி கேட்டாள். வேலை போய்விடுமென்று பயந்ததாகச் சொன்னான். அப்போது அவள் அவனிடம் பேசியதுதான் கடைசி.

“அவருக்குப் போச்சுல்லா.”

மறுநாளே நடந்ததையெல்லாம் எழுதி அதிகாரிக்கு அனுப்பினான். முதலாளி அவனை வேலையிலிருந்து நிறுத்தினார். விமானிக்குத் தவறான தகவல் தரப்பட்டதாக அறிக்கையில் ஒரு வரி சேர்ந்தது. அந்த வரி வந்தும், கால் போன ஹென்றி திரும்பப் பறக்க முடியாது.

ஜீவமணி ஒரு லாரி ஆபீசில் சேர்ந்தான். ஒருநாள் மார்க்கெட் பக்கம் ஹென்றி கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு எதிரே வந்தார். ஒதுங்கப் போனவனை நிறுத்தி, “புள்ள நடக்குதால?” என்று கேட்டார்.

“நடக்கு அண்ணாச்சி” என்றான் ஜீவமணி, சாலையைப் பார்த்துக்கொண்டு.